உப்புப் போட்ட ஐஸ்

மீன் சந்தையின் பின்பக்கம், பெட்டி நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்று தியோலிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரப்பர் பூட்ஸ் ஓரமாகக் கிடந்தது. கம்பளிச் சட்டை, செதில் ஒட்டிய ஏப்ரன், காதுத் தோடு எல்லாம் பக்கத்துக் கடைக்காரி ஜுல்மிராவின் கையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை படகு கடலுக்குப் போகாது, அதனால் திங்கட்கிழமை எங்கள் சந்தையில் மீனும் கிடையாது, ஆளும் கிடையாது. இந்தக் கூத்துக்கு அதைவிடத் தோதான நாள் இல்லை என்று இருவரும் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்கள்.

"மூச்ச விடுட்டி," என்றாள் ஜுல்மிரா. "மூச்சுக்கு என்னத்த எடை இருக்கப் போவுது?"

"நீ நம்பரச் சொல்லு."

"எண்பத்தேழு."

"நல்லாப் பாரு. ஒன் காலு மேடையில பட்டுக்கிட்டு நிக்குதா?"

"என் காலு என்கிட்டதான் இருக்கு. எண்பத்தேழுதான். போன வாரமும் அதான், அதுக்கு முந்தின வாரமும் அதான். தராசு செத்துப் போச்சோன்னு சனிக்கிழமை நான் போயி ஒரு பெட்டி அயிலை மீனத் தூக்கி வச்சுப் பாத்தேன். அது கரெக்டாத்தான் காட்டுது."

தியோலிந்தா கண்ணைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் எண்பத்தேழு நின்றது. அவள் இறங்கினாள், ஏறினாள், மறுபடி பார்த்தாள். அசையவில்லை. பூட்ஸை மாட்டக் குனிந்தவளுக்குக் கண் இருட்டியதால், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"கண்ணுபட்டுருக்குட்டி ஒனக்கு," என்றாள் ஜுல்மிரா. "கடகடன்னு எளைச்சேல்லா, ஊரே வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு. சாயங்காலம் வா. தட்டுல தண்ணி ஊத்தி எண்ணெய விட்டுப் பாக்குதேன்."

"எண்ணெய வச்சு நீ மீனப் பொரி."

எண்பது கிலோவுக்கு இறங்க வேண்டும். எண்பதுக்கு மேல் இருந்தால் கத்தி வைக்க மாட்டோம் என்று நகரத்து ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மகள் வானியாவின் கிட்னி இரண்டும் கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. வாரம் மூன்று நாள், நோயாளிகளையும் ஏற்றிப்போகும் தீயணைப்பு நிலையத்துச் சிவப்பு வேன் வாசலில் வந்து நின்று அவளை ஏற்றிக்கொண்டு போகும், மெஷினில் ரத்தத்தைக் கழுவி, துவைத்த துணியாய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும். அப்பன் அடெலினோவின் ரத்தம் பிள்ளைக்குச் சேரவில்லை. தியோலிந்தாவுடையது அப்படியே சேர்ந்தது. "ஆனா அம்மா, இந்த உடம்போட உங்ககிட்ட இருந்து கிட்னிய எடுத்தா உங்களுக்கே ஆபத்து, முதல்ல எளைங்க," என்றார்கள். அன்றைக்கு இவள் நூற்றுக்கும் மேலே இருந்தாள். உள்ளே இருப்பது பிள்ளையின் உயிர், அதைச் சுற்றி மூடிக்கிடப்பது தன் கொழுப்பு என்று அன்றைக்கே அவள் மனசில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

அதற்குத்தான் வாரம் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும், வயிற்றில் வைத்து அழுத்தினால் போதும். ஆரம்பத்தில் அது செய்த வேலை கொஞ்சமில்லை. சுட்ட சார்டின் மீனுக்காக உயிரை விடுகிறவள், சோள ரொட்டியைச் சூப்பில் முக்கி முக்கித் தின்கிறவள், தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குமட்டியது, வாந்தி வந்தது, மலச்சிக்கல் வேறு. மீன்காரிக்கு மீன் நாற்றம் பிடிக்காமல் போனதைச் சொல்லிச் சொல்லி ஜுல்மிரா சிரித்தாள். ஆனாலும் திங்கட்கிழமைதோறும் நம்பர் இறங்கியது. இறங்க இறங்க தியோலிந்தா கோயிலுக்குப் போய் மெழுகில் செய்த ஒரு கிட்னியைக் கூட விலைபேசி வைத்துவிட்டு வந்தாள். காரியம் முடிந்ததும் மாதாவின் காலடியில் வைப்பதாக நேர்ச்சை.

அப்புறம் அந்தக் குளிர்காலப் புயல் வந்தது. துறைமுகத்தை மூடினார்கள், கம்பங்கள் சாய்ந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் போனது. அதோடு நம்பர் இறங்குவதும் நின்றுபோனது.

நின்றது மட்டுமென்றால் பரவாயில்லை. பசி திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஊசி போட்டால் பசிக்காது என்று டாக்டர், நர்ஸ், டிவி எல்லாரும் சொல்கிறார்கள். ஊசியையும் போட்டுக்கொண்டு ஒருத்திக்குப் பசிக்கிறதென்றால் அது அவளுடைய கொழுப்பெடுத்த நாக்கு, வேறென்ன? பிள்ளை அங்கே செத்துக்கொண்டிருக்க இவளுக்கு ரொட்டி கேட்கிறது. அப்படித்தான் அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். ஏசியதோடு நிற்காமல் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் பால் இல்லாத காபி, மத்தியானம் சூப்பின் மேல்தண்ணி, ராத்திரிக்கு ஒரு ஆப்பிளில் பாதி. எடை அப்போதும் இறங்கவில்லை, நடுராத்திரியில் பசி பொறுக்காமல் எழுந்து இருட்டில் கைக்கு அகப்பட்டதைத் தின்றுவிடுவாள், எவ்வளவு என்று அவளே அறியாள். இறங்கியது அவளுடைய தெம்பு மட்டும்தான்.

ஏலம் முடிந்து பெட்டிகளை இழுத்து வருவதற்குள் முன்பெல்லாம் நாலு பேரோடு சண்டை போட்டுவிடுவாள். இப்போது பெட்டி ஒன்றுக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். உப்பு மூட்டை கண்டால் உப்பு மூட்டை, கவிழ்த்த வாளி கண்டால் கவிழ்த்த வாளி. கை நடுங்கியதில் கத்தி வழுக்கி இரண்டு விரலில் கட்டு. தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. மாடிப்படி பாதியில் நின்று, மேலே ஏறுவதா அங்கேயே படுத்துவிடுவதா என்று யோசித்த நாளும் உண்டு.

வீட்டில் நடித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கீரை சூப், அவித்த காட் மீன், உருளைக்கிழங்கு, ஆலிவ் எண்ணெய். வானியாவுக்கு மட்டும் தனியாக வெள்ளைச் சோறு கொஞ்சம், உப்பில்லாத கோழி கொஞ்சம். உருளைக்கிழங்கு அவள் ரத்தத்துக்கு விஷம், தண்ணியைக் கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

"என்னம்மா கரண்டி தட்டுலயே சுத்துது?" என்றாள் வானியா.

"தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

"வாயிக்குப் போவலையே."

"ஊசி போட்டா அப்படித்தாம்மா இருக்கும்," என்றான் அடெலினோ. ஒரு காலத்தில் வலைப் படகில் போனவன், தோள்பட்டை போனபிறகு துறைமுகத்து ஐஸ் அறையில் அள்ளுகிற வேலை. "ஒங்கம்மாவுக்குப் பசியே கெடையாது. நல்ல மருந்து. எறங்கிருச்சா இந்த வாரம்?"

"எறங்கிக்கிட்டு இருக்கு," என்றாள் தியோலிந்தா.

"எவ்வளவு?"

"இருக்குங்கேன்ல. மேசையில ஒக்காந்து எடையப் பேசணுமா? நான் என்ன சூரை மீனா?"

அடெலினோ சிரித்தான். வானியா சிரிக்கவில்லை. அவள் முகம் அன்றைக்குச் சாம்பல் பூத்துக் கிடந்தது. மெஷினுக்காகக் கழுத்தோரம் சொருகியிருந்த குழாயில் மறுபடி சீழ் வைத்திருக்கிறது என்று போன வாரம் சொல்லியிருந்தார்கள். கையில் குத்த நரம்பு மிச்சமில்லை, கழுத்திலும் இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க தியோலிந்தா நாளை எண்ணினாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்ப்பார்கள். எண்பத்தேழு என்றால் பிள்ளையின் பெயர் செத்தவர்கள் கிட்னிக்குக் காத்திருக்கும் வரிசைக்குப் போய்விடும். அந்த வரிசையில் நின்று செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்பனும் மகளும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அதைக் கடற்பறவைக்கு எறிந்தபோது ஓடிப்போய்ப் பிடுங்கித் தின்னலாமா என்று நினைத்தாள். நினைத்ததற்காக அழுதாள்.

வெள்ளிக்கிழமை சந்தையில் கூட்டம் அலைமோதும். தவக்காலம் வேறு, இறைச்சி தொடாமல் ஊரே மீன் தின்னும் நாள். அடெலினோ ஐஸ் வண்டியைத் தள்ளிவந்து கடைகடையாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். மருந்துக்கடை வைத்திருக்கும் இசாவ்ரா, ஊருக்கு அவளும் ஒரு டாக்டரம்மா, கையில் கூடையோடு தியோலிந்தாவின் கடைமுன் வந்து நின்றாள்.

"பெரிய ஹேக் மீனா ஒண்ணு கொடுங்க. தலையைத் தனியா வெட்டிக் கொடுங்க. சூப்பு வைக்கணும்."

தியோலிந்தா மீனைத் தூக்கித் தராசில் வைத்தாள். தலையை வெட்டக் கத்தியை ஓங்கினாள். ஓங்கியது தெரியும், இறங்கியது தெரியாது. ஜுல்மிரா போட்ட கத்தலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. தியோலிந்தா மீன்களுக்கு நடுவே சாய்ந்து, ஐஸோடும் கணவாயோடும் சேர்ந்து வழுக்கித் தரையில் கிடந்தாள். நல்லவேளை, கத்தி அந்தப் பக்கம் விழுந்திருந்தது.

கண் விழித்தபோது வாயில் சர்க்கரைத் தண்ணி இனித்தது. அந்த இனிப்புக்கு அவள் நாக்கு அப்படி ஏங்கி எழுந்தது. தம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். அப்புறம்தான் என்ன குடித்தோம் என்று உறைத்தது. "ஐயோ, சர்க்கரையையா குடுத்தீய!" என்று துப்பப் பார்த்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் இசாவ்ரா, தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து.

"காத்தத் தின்னுருப்பா," என்றாள் ஜுல்மிரா. "நேத்தும் அதான்."

"நீ வாய மூடுட்டி."

"நீங்க சொல்லுங்க, தியோலிந்தா. பசிக்கவே இல்லையா?"

சுற்றிலும் தெரிந்த முகங்கள். ஐஸ் கரண்டியோடு அடெலினோ. இனி மறைக்க அவளிடம் தெம்பு இல்லை.

"பசிக்கி டாக்டரம்மா," என்றாள். "உசுரு போற மாதிரி பசிக்கி. படுத்தாலும் பசிக்கி, எந்திரிச்சாலும் பசிக்கி. நான் என்ன பாவம் செஞ்சேனோ, ஊசியப் போட்டும் என் வாயி அடங்க மாட்டேங்குது. எறங்கிருச்சு எறங்கிருச்சுன்னு இவருகிட்டப் பொய்யி சொன்னேன். எண்பத்தேழுலயே கல்லுமாரி நிக்கேன். எம்புள்ள செத்துருவா. என் வயிறு அவளக் கொன்னுரும்."

மீன் வாங்க வந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். இசாவ்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நல்லாத்தானே இறங்குச்சு? எப்பலேருந்து இப்படிப் பசிக்குது?"

"புயலுக்கு அப்புறம்."

"புயலப்ப கரண்ட் போச்சே. பேனாவெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"நான் வீட்டுலயே இல்லையே. வானியாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டு நான் அங்கல்லா கெடந்தேன்."

"அதப்பத்தி நீங்க கவலப்படவே வேண்டாம் டாக்டரம்மா," என்றான் அடெலினோ. கரண்டியை வண்டியில் சாத்தினான். குரலில் ஒரு கெத்து வந்தது. "ஃபிரிட்ஜு நின்னதும் எனக்கு மொத ஞாபகமே அந்த மருந்துதான். சூடு படக்கூடாதுன்னு நீங்க சொல்லிருந்தீங்கள்லா? மூணு பேனாவையும் எடுத்துப் பையில சுத்தி, நம்ம ஐஸ்ல புதைச்சேன். சும்மா ஐஸோட குளிரு பத்தாதுன்னு கல்லுப்ப அள்ளித் தூவி அமுக்கி வச்சு, உருக உருகப் புதுசா அள்ளிப் போட்டேன். உப்புப் போட்ட ஐஸு குளிருல நெருப்பாட்டம் எரியும். கை வைக்க முடியாது. ஆழ்கடல் போறப்ப அப்படித்தான் மீனக் கொண்டாருவோம். கரண்ட் வந்தப்ப எடுத்துப் பாத்தா பேனா கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு பொட்டு வெதுவெதுப்பு கெடையாது. பத்தரமா ஃபிரிட்ஜுல திருப்பி வச்சிட்டேன்."

சொல்லி முடித்து எல்லாரையும் பார்த்தான். இசாவ்ராவின் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது.

"என்ன டாக்டரம்மா?"

"அடெலினோ, அந்த மருந்து குளிர்ச்சியா இருக்கணும். ஆனா உறையவே கூடாது. ஒரு தடவை உறைஞ்சிட்டா போச்சு. அப்புறம் உருகினாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், உள்ள மருந்து இருக்காது. புயல்லேருந்து உங்க வீட்டம்மா வெறும் தண்ணியத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்காங்க."

அடெலினோ வண்டியிலிருந்த ஐஸ் குவியலையே பார்த்தான். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் ஆயுசு பூராவும் அறிந்த ஒரே விஷயம் ஐஸ்தான். எதைக் கொடுத்தாலும் கெடாமல் வைத்துத் தருவான் என்று ஊர் சொல்லும்.

தியோலிந்தாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதைச் சொல்லாமல் மறைக்க முடியாது. என் வாய் இல்லை, என் நாக்கு இல்லை, நான் கொல்லவில்லை! மறுகணமே பயம் வந்து அந்தச் சந்தோஷத்தைத் தூக்கி விழுங்கியது.

"அப்ப நல்ல பேனா ஒண்ணு குடுங்க. இப்பவே போட்டுக்கிடுதேன். பெரிய அளவு போட்டா அடுத்த மாசத்துக்குள்ள எறங்கிருமா?"

"அப்படிப் போட முடியாது. இத்தனை நாள் விட்டுப்போனதால பழைய அளவை எடுத்ததும் போட்டா உடம்பு தாங்காது. உங்க டாக்டர்கிட்ட நானே பேசுறேன். மறுபடி சின்ன அளவுலேருந்து ஏத்தச் சொல்லுவாங்க. மாசங்கள் ஆகும்." இசாவ்ரா அவள் விரல்கட்டைத் தடவிப் பார்த்தாள். "இன்னொண்ணு. இப்படிப் பட்டினி கிடக்காதீங்க. கொழுப்புக்குப் பதிலா சதை கரையுது. அதான் இந்த அசதி, மயக்கம். இப்படிச் சத்துக் கெட்ட ரத்தத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா எடையைப் பார்க்கிறதுக்கு முன்னாலயே வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"மாசங்கள் ஆகுமா," என்றாள் தியோலிந்தா. வேறொன்றும் அவள் காதில் ஏறவில்லை.

"நான்தாட்டி," என்றான் அடெலினோ ஐஸ் மேல் இருந்தபடியே. "எம்புள்ளைய நானே உப்புப் போட்டுப் புதைச்சிட்டேன்."

அவனை ஏச வாயில் எத்தனையோ வந்தன. மீன்காரி வாயில் வராததா? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கால்சட்டை நனைந்து ஐஸ் தண்ணி சொட்டுவதைப் பார்த்தாள்.

"எந்திரியும்," என்றாள். "ஈரத்துல ஒக்காராதீரு. இடுப்பு புடிச்சுக்கிட்டா ஒமக்கு யாரு தைலம் தேய்க்கது?"

எங்கள் ஊரில் செய்திக்குக் கால் அதிகம். இவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் அது முன்னாலேயே போய் வானியாவின் காதில் விழுந்திருந்தது. வேன் வரும் நாள். அவள் வெளியே போகும் கோட்டை மாட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். நிற்க முடியாமல் ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தாள். மேசையில் ஒரு தட்டு, ஒரே தட்டு. அவித்த உருளைக்கிழங்கு, காட் மீன், முட்டை, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய், பக்கத்தில் சோள ரொட்டி.

"ஒக்காரும்மா."

"ஒனக்கு வேன் வந்துரும் மக்ளே. நீ போ, நான் அப்புறமா..."

"அப்புறமா பறவைக்குப் போடுவ. ஏப்ரன் பையில எண்ணெக் கறையத் தொவைக்கது நாந்தான. ஒக்காரு."

தியோலிந்தா உட்கார்ந்தாள். அடெலினோ கதவுப்பக்கமே நின்றுகொண்டான், உள்ளே வர அவனுக்குத் துணிவில்லை. தட்டிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. வாயில் எச்சில் ஊறியதும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னால முடியாது," என்றாள். "பயமா இருக்கு. ஒவ்வொரு வாயும் ஒன் ஆயுசத் திங்கிற மாதிரி இருக்கு. இன்னும் மாசக்கணக்கா ஆகுமாம். அதுவரைக்கும் நீ... ஒன் கழுத்துல எடமில்லைன்னுட்டா..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் வானியா. "ஒவ்வொரு தடவ வேன்ல ஏறும்போதும் இருக்கு. வாந்தி எடுக்கதுகூடப் பயத்துலதான். மெஷினால வருதுன்னு ஒங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

தியோலிந்தா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கைய எடும்மா. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. அந்தக் கிட்னி யாருக்கு?"

"என்ன கேள்வி இது? ஒனக்குத்தான்."

"குடுக்கேன்னு சொல்லிட்டேல்லா? அப்ப அது என்னுது. இப்போதைக்கு ஒனக்குள்ள இருக்கு, அவ்வளவுதான். அதப் பட்டினி போட நீ யாரு?"

வாசலில் வேன் வந்து நின்றது. ஹார்ன் அடித்தது. தியோலிந்தா பதறி எழப் போனாள். வானியா அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். அந்தக் கையில் பலமே இல்லை. ஆனாலும் தியோலிந்தா உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, போயி அவனக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

அடெலினோ ஓடினான். வானியா எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தான் தொடக்கூடாத உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்தாள், எண்ணெயில் புரட்டி அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். தியோலிந்தா வாயைத் திறந்தாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே மென்றாள், விழுங்கினாள். அது இறங்குகிற வழியெல்லாம் சூடாக இருந்தது. கண்ணீரின் உப்பு வாயோரம் வழிந்து எண்ணெயோடு கலந்தது.

வெளியே மறுபடி ஹார்ன் கேட்டது.

"அவன் அடிக்கட்டும்," என்றாள் வானியா, அடுத்த வாயை மசித்துக்கொண்டே. "இன்னும் பாதித் தட்டு இருக்கு."